தாழ்ப்பாள் பக்கத்துக் கண்ணாடி

மார்ச் 3

அத்தானுக்கு,

இந்த ஒரு சொல்லை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். "ஐயா" என்று ஆரம்பித்தால் கரண்ட் ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அக்கா போனபிறகு வீட்டில் உங்களை என்ன சொல்லிக் குறிப்பிட்டோம் என்பதை எழுத முடியாது. அதனால் பழையபடி அத்தான் என்றே இருக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள். படிக்காமல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் பார்சல் கிடங்கில் எடை போடும் வேலையில் இருப்பதாகச் சொல்லி முகவரி தந்தது ஒரு பெண் அதிகாரி. துப்புத் துலங்காத பழைய கொலை வழக்குகளைத் திரும்ப எடுத்துப் பார்க்கப் போலீசில் தனிப் பிரிவு ஒன்று போட்டிருக்கிறார்களாம். அக்காவின் வழக்கு இந்த அம்மாவிடம் வந்திருக்கிறது. முந்தாநாள் கடைக்கு வந்தார். ஏதோ குளியலறைக் கண்ணாடி வாங்க வந்தவர் என்று நினைத்து நான் அளவு கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க அத்தான் முதல் வாக்குமூலத்துல, நான் வீட்டுக்கு வந்தப்போ ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருந்துச்சுன்னு சொல்லியிருக்கார். மறுநாள் காலையில இன்ஸ்பெக்டர் எடுத்த போட்டோவுல கண்ணாடி முழுசா இருக்கு. ஜன்னல் வழியா யாரும் வரலைன்னா கதவைச் சாவி போட்டுத் திறந்துதான் வந்திருக்கணும். இன்னொரு சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு. அதனால அவர் பொய் சொல்றார்னு அப்பவே முடிவு கட்டிட்டாங்க."

நீங்கள் அப்படிச் சொன்னதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்களிடம் இன்ஸ்பெக்டர், "அவன் பொய்க்கு மேல பொய் சொல்றான்" என்று மட்டும்தான் சொன்னார். என்ன பொய் என்று நாங்களும் கேட்கவில்லை.

கொலை நடந்த வீடு என்று யாரும் குடிவராமல் அந்த அறையில் வீட்டுக்காரர் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்திருக்கிறார். ஜன்னல் கதவு அப்படியே இருந்ததாம். அதைக் கழற்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாலு கண்ணாடியில் மூன்று ஒரே தடிமன். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருப்பது மட்டும் மெலிசு. அதை மட்டும் பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடியைச் சட்டத்தில் இருத்தப் பூசுவோமே மக்கு, அதைப் பெரிதாக்கி எடுத்த படத்தை மேசையில் வைத்து, "இந்த வட்டாரத்துல யார் வேலைன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அத்தான், அது அப்பாவின் வேலை.

சின்ன வயதில் அப்பாவின் வலது ஆள்காட்டி விரல் நுனி போய்விட்டது உங்களுக்குத் தெரியும். அதனால் மக்கைக் கத்தியால் இழுக்காமல் நடுவிரலை மடக்கி முட்டியால் அழுத்திக்கொண்டே போவார். தையல் போட்ட மாதிரி பள்ளம் விழும். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை, நான்கூட.

அந்த அம்மாவிடம், "பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நேற்று நேராக ஒரு வெட்டு வெட்ட முடியவில்லை. அப்பா எதற்காக அந்த ஜன்னலில் கை வைத்தார்? எப்போது வைத்தார்? மனசு எங்கெங்கோ போகிறது. போகிற இடத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது, அவரிடம் கேட்க முடியாது. உங்களிடம் கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

உங்கள் மைத்துனன்


மார்ச் 8

மைத்துனருக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். கிடங்கில் மத்தியானம் வரை எல்லாப் பார்சலுக்கும் தப்பான எடை போட்டேன் என்று மேலாளர் திட்டினார். அது போகட்டும்.

நான் என்ன பார்த்தேன் என்று கேட்டிருக்கிறாய். அதை ஒருமுறை சொன்னேன். சொன்னதற்கு வாங்கியது இன்னும் இடது காதில் இருக்கிறது, அந்தப் பக்கம் கேட்காது. மறுபடி சொல்வதாக இல்லை.

நான் கேட்பதற்கு நீ பதில் சொல். சுற்றி வளைக்காமல் சொல். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வழக்கம் உண்டு.

அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டது என்பது நிச்சயமா? ஆய்வுக்கூடம் சொல்கிறதா, அந்த அதிகாரி ஊகிக்கிறாரா? தாழ்ப்பாள் பக்கத்துக் கண்ணாடிதான் என்பது நிச்சயமா? எல்லாவற்றையும்விட இது முக்கியம்: மாற்றியது அவள் சாவதற்கு முன்பா, பின்பா? நாங்கள் குடிபோவதற்கு முன்னால் எப்போதோ உன் அப்பா அந்த வீட்டுக்காரருக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கலாம். ஊரில் பாதி ஜன்னல் அவர் போட்டதுதானே. அப்படியென்றால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. நீ என்னைத் தேடிப்பிடித்துக் கொன்றதுதான் மிச்சம்.

எனக்கு வழக்கு வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம், உங்கள் வீட்டு மன்னிப்பும் வேண்டாம். முன்பா, பின்பா, இதை மட்டும் தெரிந்து எழுது. உன் அம்மா இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் கேள். யோசித்து எழுதுகிறேன் என்று நாளைக் கடத்தாதே.

என் மகள் சிட்டு எப்படி இருக்கிறாள்? இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. கை தானாக எழுதிவிட்டது.


மார்ச் 13

அத்தானுக்கு,

பின்பு. அக்கா இறந்த பின்பு. அன்று சாயங்காலமே.

நீங்கள் கேட்டபடி முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இனி என் வழியில் எழுத விடுங்கள்.

அம்மாவிடம் கேட்பதற்கு இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அவர் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது, "அக்கா வீட்டு ஜன்னலுக்கு அப்பா கண்ணாடி போட்டாராம்மா?" என்றேன். என்ன சொல்வாரோ என்று எனக்கு உயிரே இல்லை. அவர் தண்ணீரை விழுங்கிவிட்டு, "ஆமா, போட்டார். மழை உள்ள அடிச்சுது" என்றார். நேற்று மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார், அத்தான்.

அன்று நடந்தது இதுதான். நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அக்காவைப் பார்த்துவிட்டுக் கத்தியபோது அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். எதிர்வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள், டாக்டர் ஊசி போட்டுத் தூங்க வைத்தார். இதுவரை உங்களுக்கே தெரியும். அதன்பிறகு ஒரு காவலர் வந்தார். இன்ஸ்பெக்டர் வேறு ஊருக்குப் போயிருக்கிறார், காலையில்தான் வருவார், அதுவரை உடலை எடுக்கக் கூடாது என்றார். அம்மாவும் அப்பாவும் வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன், தகவல் கிடைத்து மறுநாள்தான் வந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. உடைந்த கண்ணாடி வழியாகச் சாரல் அக்கா மேல் அடித்தது. சந்துப் பக்கமிருந்து ஆட்கள் அந்த ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் தன் பிள்ளையைத் தூக்கிக் காட்டினானாம். அப்பா எழுந்தார். நாலு விரலால் சட்டத்தை அளந்தார். கடைக்குப் போய் ஒரு கண்ணாடியை வெட்டி எடுத்துவந்தார். கீழே கிடந்த சில்லுகளைப் பெருக்கி அள்ளினார். கண்ணாடியைப் போட்டு மக்கு பூசினார். அம்மா சொல்கிறார்: "அவருக்கு அழத் தெரியலடா. அதைத்தான் செய்யத் தெரிஞ்சுது."

இதற்கு மேல் ஒன்று. கண்ணாடியைப் பொருத்தும்போது வெளிப்பக்கம் நின்று அதைத் தாங்கிப் பிடித்தவர் அந்தக் காவலர். போலீஸ்காரர்.

அதிகாரியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மக்கு புதுசா இருந்தா வாசனை வராதா?" என்று கேட்டார். அத்தான், ஆளிவிதை எண்ணெய் போட்டுப் பிசைந்த மக்கு ஒரு வாரத்துக்கு மூக்கைத் துளைக்கும். நகத்தால் கீறினால் வெண்ணெய் மாதிரி வழியும். இன்ஸ்பெக்டருக்கு அன்று ஜலதோஷம் போலிருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிக்க வேண்டும் என்று தோன்றிச் சொன்னதில்லை.

நீங்கள் சொன்னது உண்மை. ஜன்னல் உடைந்துதான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னது உண்மை. உங்கள் வீட்டு வாசலில் நின்று நான் கத்திய கத்தெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

சிட்டு நன்றாக இருக்கிறாள். எக்ஸ்ரே எடுக்கும் வேலை. இன்னும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் மைத்துனன்


மார்ச் 17

தம்பி,

உன் கடிதத்தின் முதல் சொல்லைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். அந்த ஒரு சொல்லே எனக்கு ஒரு நாளைக்குப் போதுமாயிருந்தது.

சொல்ல மாட்டேன் என்றேன், சொல்கிறேன். ஸ்டேஷனில் நாலு நாள் ஜன்னல் உடைந்திருந்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அடித்தார்கள். சொன்னேன். ஐந்தாம் நாள் இன்ஸ்பெக்டர் என்னை ஜீப்பில் ஏற்றி அந்த அறைக்கே கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினார். "வாத்தியாரே, தட்டிப் பாரு" என்றார். தட்டினேன். டங்கென்று சத்தம் வந்தது. "உடைஞ்ச கண்ணாடி சத்தம் போடுமா?" என்று கேட்டார். மறுபடியும் தட்டச் சொன்னார். தட்டினேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஜன்னலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. போதிய சாட்சி இல்லை என்று என்னை விட்டபோதும் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை போனபோதும், உன் அப்பா சிட்டுவைத் தன் பொறுப்பில் கேட்டு மனுப் போட்டபோதும் திறக்கவில்லை.

அந்த டங் என்ற சத்தம் எனக்கு என்ன செய்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை. அது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மாமா, உன் அப்பா, தொழில்காரர். அவர் கண்ணாடி போட்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மகள் மேல் மழை விழுந்தது, மறைத்தார். நான் எழுந்து நிற்கும் நிலையில் இருந்திருந்தால் நானே அட்டையாவது வைத்திருப்பேன். ஆனால் ஜன்னல் முழுசாக இருந்ததால்தான் என்னைப் பிடித்தார்கள் என்பது மாமாவுக்கு எப்போதாவது தெரிந்ததா? தெரியாமலே செத்தார் என்றால் அவரை நினைத்து ஒரு நாள் அழுதுவிட்டு விட்டுவிடுவேன். உன் அம்மாவிடம் இதையும் கேள்.

அவர் என்ன சொன்னாலும் சரி, சிட்டுவிடம் நீ சொல்லிவிடு. அதிகாரி சொல்லி அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. நாலு வயதில் அவளை என் கழுத்திலிருந்து பிரித்து எடுத்தவன் நீதான். நீதான் சொல்ல வேண்டும்.


மார்ச் 25

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமல் இருப்பதற்கு என்னென்ன வழி உண்டோ எல்லாம் பார்த்தேன். கடையை வெள்ளையடித்தேன். கடன்காரன் மாதிரி பின்வாசல் வழியாக வந்து போனேன். ஒன்றும் நடக்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியும்.

உங்களை விட்டபிறகுதான் தெரிந்ததாம். தண்ணீர்க் குழாயடியில் அந்தக் காவலரின் மனைவி அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். ஜன்னலை வைத்துத்தான் உங்கள் மருமகனைப் போட்டு அடித்தார்கள் என்று. அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருக்கிறது பாருங்கள், அடுத்த வரியை எழுதும்வரைதான் அந்தப் பெருமை.

இன்ஸ்பெக்டர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தாராம். "பெரியவரே, தடயத்தை அழிச்சது நீங்க. இதை நான் எழுதினா உள்ள போறது நீங்கதான். என் ஆளும் போவான். பேத்தியை யார் பார்ப்பா? கோர்ட்டுல மனு வேற போட்டிருக்கீங்க. அவனைத்தான் விட்டாச்சே, இனிமே என்ன?" என்றாராம். அப்பா டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அம்மாவிடம், "விட்டுட்டாங்கல்ல, விடு" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் அதற்குப் பிறகு அதைப் பேசவே இல்லை.

உங்களை விடவில்லை, அத்தான். வெளியே அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஊர் முழுக்க உங்களைக் கொலைகாரன் என்றது. நான் சொன்னேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பிறகு அவர் கடையில் கண்ணாடியை வெட்டித் தருவதோடு சரி, போய்ப் பொருத்துவதை விட்டுவிட்டார். துக்கம் என்று நினைத்து அந்த வேலையை எல்லாம் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அப்பாவைப் போல ஒரு மனுஷன் உண்டா என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது கடையில் மாட்டியிருக்கும் அவர் படத்தை எடுத்துவிடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அம்மாவிடம் கத்தினேன். "நான் என்னடா பண்ணட்டும், குழந்தை எங்கிட்ட தூங்கிட்டிருந்தா" என்றார்.

இன்னும் முடியவில்லை. தாழ்ப்பாள் பக்கத்துக் கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறந்து உள்ளே போகிற திருடன் ஒருவன் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறான். அக்கா இறந்து இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்து ஊரில் தனியாக இருந்த தையல்காரப் பெண் ஒருவர் அதே மாதிரி செத்தார். அதுவும் துலங்காத வழக்குதான். அக்காவின் வழக்கை அதோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, இங்கே ஜன்னல்தான் முழுசாக இருந்ததே. அந்தத் திருடன் வேறொரு வழக்கில் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்தும் போய்விட்டான். அக்காவின் நகத்தில் அன்று எடுத்து வைத்த தோல் துணுக்கும் அந்தப் பெண்ணின் துணியில் இருந்த ரத்தக்கறையும் ஒரே ஆளுடையது, அவனுடையது என்று முந்தாநாள் டி.என்.ஏ. அறிக்கை வந்துவிட்டது. அதிகாரி சொன்னபோது நான் அந்தத் தையல்காரருக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். உண்டாம். அதற்குமேல் கேட்கவில்லை. அப்பா குடித்த அந்த டீ, அத்தான். அன்றைக்கே பேசியிருந்தால் அவனை அப்போதே தேடியிருப்பார்கள்.

சிட்டுவிடம் நானே சொன்னேன். முழுசும் சொன்னேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தார். அவள் அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. "மாமா, நான் சின்ன வயசுல அப்பா வேணும்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். "இப்ப சொல்லுங்க" என்றாள். "கொலைகாரன்" என்ற அந்தச் சொல்தான், அத்தான். உள்ளே போய்ப் பையில் துணியை எடுத்து வைத்தாள். உங்கள் கடிதத்தின் உறையை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போன் எடுக்கவில்லை. உங்களிடம்தான் வருகிறாள் என்று நினைக்கிறேன். வந்தால் ஒரு வரி எழுதுங்கள். எங்களைப் பற்றி அவளிடம் நல்லது எதுவும் சொல்ல வேண்டாம்.

மைத்துனன்


ஏப்ரல் 1

தம்பி,

வந்தாள். பத்திரமாக இருக்கிறாள். நீயும் அத்தையும் தூங்கலாம்.

கிடங்கு வாசலில் வந்து நின்றாள். பார்சல் எடுக்க வந்த பெண் என்று நினைத்துச் சீட்டைக் கேட்டேன். நீ அதிகாரியிடம் அளவு கேட்டாய், நான் மகளிடம் சீட்டு கேட்டேன். குடும்பமே இப்படித்தான் போலிருக்கிறது. அவள் உறையை நீட்டினாள், என் கையெழுத்து. அப்புறம் முகத்தைப் பார்த்தேன். அவள் அம்மாவின் நெற்றி. தராசு மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். மன்னிக்க வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. அந்தத் தையல்காரப் பெண்ணின் பிள்ளைகளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் வருகிறேன், நீயும் வா. இதில் உனக்கு வேறு வழி கிடையாது.

சிட்டு மூன்று நாளாக என்னைச் சாதாரணமாக ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். காதுக்கு என்ன ஆச்சு, ஏன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கலை, இவ்வளவு சின்ன அறைக்கு இவ்வளவு வாடகையா. இன்றைக்குத்தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"சரி, அவங்க உங்களைத் திட்டினாங்க, வாசல்ல நிக்க வெச்சாங்க. கோர்ட்டுல தாத்தா என்னைக் கேட்டாரு, நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. பேப்பரெல்லாம் வாங்கிப் பார்த்தேன். நீங்க அன்னிக்கு வரவே இல்லை. பள்ளிக்கூட வாசல்லயாவது ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்ல. ஏன் வரலை?"

உனக்குச் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அவளிடம் சொல்லிவிட்டதால் இனி நீயும் தெரிந்துகொள்ளலாம்.

நான் கணக்கு வாத்தியார். ஒரு படி தப்பென்றால் அதற்குக் கீழே போட்ட எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். உடைந்த கண்ணாடியை என் கண்ணால் பார்த்தேன். தரையில் சில்லைப் பார்த்தேன், செருப்பில் ஏறியது. ஐந்தாம் நாள் அதே கண்ணாடியை என் விரலால் தட்டினேன். முழுசாக இருந்தது. அப்படியென்றால் நான் பார்த்தது தப்பு. அது தப்பென்றால் நான் வந்தபோது அவள் ஏற்கெனவே செத்துக் கிடந்தாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறதே, அது மட்டும் எப்படிச் சரியாகும்? என் கையெல்லாம் ரத்தம் இருந்தது. அவளைத் தூக்கியதால் என்று நினைத்திருந்தேன். அன்று காலையில் அவளோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல, அவர் சொன்னதுதான் கணக்குக்குச் சரியாக வந்தது.

அதைத்தான் அவளிடம் சொன்னேன். "நான்தான் செஞ்சிருக்கேன்னு நெனச்சேம்மா. எனக்கு ஞாபகம் இல்லாம நானே செஞ்சிருக்கேன்னு. அப்படிப்பட்டவன்கிட்ட நீ வளரக் கூடாதுன்னுதான் வரலை. உங்க தாத்தா மனுப் போட்டப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அப்புறம் கேட்டாள்.

"எவ்வளவு நாள் அப்படி நெனச்சுட்டு இருந்தீங்க?"

"போன மாசம் வரைக்கும்" என்றேன்.